"ஒரு தள்ளு தள்ளுங்க சார்!": நம் முதல் கார்களின் கதை

ஏறக்குறைய எல்லா அடுக்ககத்திலும் கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில் உறை போட்ட பழைய கார் ஒன்று நிற்கும். டயரில் காற்று இருக்காது. "ஓடாத வண்டிக்கு எதற்கு இடம்?" என்று பொதுக்குழுவில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் அந்த வண்டியின் வரலாற்றையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். நம் திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அதில் பங்கு உண்டு.

மூன்றே கம்பெனிகள்

வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, படிப்படியாக முழுக் காரையும் இங்கேயே தயாரிக்க வேண்டும் என்று 1953-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கிளம்பிவிட்டன. அதன் பிறகு கார் வாங்க நினைத்தவர்களுக்கு இருந்தவை மூன்று கம்பெனிகள்தான். கல்கத்தா அருகே உத்தர்பாராவில் அம்பாசிடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் (பின்னாளில் பத்மினி) செய்த பிரீமியர், நம் மதராஸில் ஸ்டாண்டர்டு.

எத்தனை கார் செய்யலாம் என்பதற்கும் லைசென்ஸ் தேவைப்பட்டது. சில கார்களுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வரிசையில் ஆள் நிற்கும்போது வண்டியை மேம்படுத்த வேண்டிய அவசரம் யாருக்கு? அந்தக் கார்கள் அடிக்கடி நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதராஸின் சொந்தக் கார்

வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை, 1961-இல் ஹெரால்டு காரைக் கொண்டுவந்தது. இத்தாலியரான மிக்கெலோட்டி வடிவமைத்த அழகான சின்னக் கார். பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒன்றாக முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன்டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அப்படி உட்காரும் சந்தர்ப்பங்களும் அடிக்கடி வந்தன!

அதன் பலவீனம் பின்பக்க சஸ்பென்ஷன். குறுக்கே வைத்த ஒற்றை லீஃப் ஸ்பிரிங், நம் சாலைக் குழிகளுக்கும் குடும்பச் சுமைக்கும் ஏற்றதாக இல்லை. 1972-இல் வந்த கெஸல் காரில் இதை மாற்றினார்கள். 1977-இல் அதுவும் நின்றது. 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய கார் வந்தது. பிரிட்டனின் ரோவர் உடம்புக்குள் பழைய காலத்து எஞ்சின். விலையும் அதிகம். 1988-க்குள் அதன் கதையும் முடிந்தது. அதற்குள் 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, சாவி திருப்பினால் கிளம்பும் காரை நமக்குப் பழக்கிவிட்டிருந்தது.

ஏன் நின்றது? எப்படிக் கிளம்பியது?

அந்தக் கார்களில் கம்ப்யூட்டர் கிடையாது. பற்றவைப்புக்குப் பாயின்ட், பெட்ரோலுக்குக் கார்புரேட்டர். பாயின்ட்டில் கரி படிந்தால் எமரி பேப்பரால் தேய்க்க வேண்டும். சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றி, பத்து நிமிடம் புளியமரத்தடியில் நின்றால் சரியாகும். ரேடியேட்டருக்காக டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணீர் கேன். பேட்டரி இறங்கினால் அம்பாசிடருக்குக் கைப்பிடி போட்டுச் சுற்றுவார்கள். இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது, தள்ளு!

அமாவாசைக்கு வீரராகவப் பெருமாளைச் சேவிக்கவோ, பிள்ளைகளுக்குப் பூண்டி ஏரியைக் காட்டவோ புறப்பட்ட குடும்பங்கள் இதையெல்லாம் எதிர்பார்த்தே கிளம்பின. முன்பின் தெரியாதவர்கள் வந்து தள்ளிவிட்டுப் போனார்கள். இன்று நம் கார்கள் நிற்பது அரிது. நின்றாலோ பானெட்டைத் திறந்து பார்க்கக்கூட நமக்குத் துணிவில்லை, டோல்-ஃப்ரீ எண்ணைத்தான் தேடுகிறோம். அந்தக் கார்களைப் பற்றிப் பேசும்போது பெரியவர்கள் சிரிப்பதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தொல்லை கொடுத்தாலும், கைக்கும் புத்திக்கும் எட்டுகிற தொல்லையாக இருந்தது.

நம் மாவட்டத்தின் பங்கு

ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்குத் திருவள்ளூரிலும் தொழிற்சாலை இருந்தது. முதலில் மண் வாரும் இயந்திரங்கள் செய்தார்கள். அந்தத் தொழில் பிறகு கேட்டர்பில்லர் கைக்கு மாறியது. 1998-இல் மிட்சுபிஷி கூட்டுடன் லான்சர் கார் திருவள்ளூரிலிருந்து வந்தது. உத்தர்பாராவில் 2014-இல் அம்பாசிடர் நின்றது. 2017-இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரான்ஸின் பி.எஸ்.ஏ. குழுமம். அக்குழுமத்தில் இருந்த சிட்ரோனின் கார்கள் 2021 முதல் இதே திருவள்ளூரில் தயாராகின்றன.

பழைய கார்கள் எங்கே போயின? பல புதுப்பேட்டையில் பாகம் பாகமாகப் பிரிந்தன. மிச்சத் தகடு காயலான் கடை வழியாக உருக்காலைகளுக்குப் போனது. கும்மிடிப்பூண்டியில் பழைய இரும்பை உருக்கிக் கட்டுமானக் கம்பி செய்யும் ஆலைகள் பல உண்டு. நம் கட்டடத்துத் தூணுக்குள்ளேயே ஏதோ ஒரு ஹெரால்டின் கதவு இருந்தாலும் ஆச்சரியமில்லை!

இப்போது அந்த மூலைக்கு வருவோம்

2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 ஆண்டுகளுக்கு மேலான, பெரிய மாற்றங்கள் செய்யாத கார்களை 'விண்டேஜ்' வாகனமாகப் பதிவு செய்யலாம். 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனி எண் கிடைக்கும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஆனால் வண்டி சட்டப்படி உயிரோடு இருக்கும். ஹெரால்டுகள் எல்லாம் இந்த வயதைத் தாண்டிவிட்டன.

ஆகவே ஒரு யோசனை. ஓடாத காரை உடனே அகற்றச் சொல்லாமல், உரிமையாளருக்கு ஆறு மாத அவகாசம் தரலாம். பழுது பார்க்கவோ, பழைய கார் ஆர்வலருக்கு விற்கவோ அது போதும். இரண்டும் முடியாவிட்டால் இடத்தை விட்டுக்கொடுப்பதுதான் முறை. அப்படிக் கொடுக்கும் முன் நான்கு பக்கமும் புகைப்படம் எடுங்கள். ஆர்.சி. புத்தகத்தைப் பத்திரப்படுத்துங்கள். அந்த வண்டி எங்கே நின்றது, யார் தள்ளினார்கள் என்று அரைப் பக்கம் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். கார் இல்லாதவர்களும் எழுதலாம். தள்ளியவர்கள் நீங்கள்தானே!