முகம் காணாது தீட்டிய சித்திரம்

1888ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 10ஆம் நாள், இலண்டன் காவல்துறை மருத்துவர் தாமஸ் பாண்ட், குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைவர் இராபர்ட் ஆண்டர்சனுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். ஒயிட்சாப்பல் வட்டாரத்தில் ஐந்து பெண்கள் அடுத்தடுத்துக் கொலையுண்டிருந்த நேரம் அது. கொலைஞனைக் கண்டார் எவருமிலர். ஆயினும் பாண்ட், காயங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, காணாத அம்மனிதனுக்கு ஒரு சித்திரம் தீட்டினார். ஐந்தும் ஒருவன் செயலே, அவன் உடல்வலிவும் துணிவும் மிக்கவன், தனித்து வாழ்பவன், பார்வைக்குச் சாதுவானவன், நடுத்தர வயதினனாய், கண்ணியமாக உடுத்துபவனாய் இருக்கலாம் என்றெல்லாம் எழுதினார். உடற்கூற்று அறிவு அவனுக்குக் கசாப்புக்காரனின் அளவிற்குக்கூட இல்லை என்பதும் அவர் முடிவு.

குற்றத்தைக் கொண்டு குற்றவாளியின் உள்ளத்தை ஊகிக்கும் கலையின் தொடக்க ஏடுகளுள் ஒன்றாக இவ்வறிக்கையை அறிஞர் குறிப்பிடுவர். கொலைஞன் பிடிபடவே இல்லை. ஆதலின் அச்சித்திரத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முகமும் இல்லாமற் போயிற்று.

இக்கலைக்குப் பெரும்புகழ் தேடித்தந்தது நியூயார்க் நகரில் நிகழ்ந்த வேறொரு வழக்கு. அவன் கொலைஞன் அல்லன்; வெடிகுண்டு வைப்பவன். 1940 தொடங்கி 1956 வரை, மின்சார நிறுவனக் கட்டடத்திலும், நூலகத்திலும், திரையரங்குகளிலும், இரயில் நிலையங்களிலும் முப்பதுக்கு மேற்பட்ட குண்டுகளை வைத்தான். பதினைவர் காயமுற்றனர். இடையே போர் மூண்டபோது, நாட்டுப்பற்றின் காரணமாகக் குண்டு வைப்பதை நிறுத்தி வைப்பதாகக் கடிதமும் எழுதினான்! சொன்னபடியே நிறுத்தியும் வைத்தான். மனித உள்ளத்தின் கோணல்களை நாம் முழுதும் அளந்துவிட்டோம் என்று எண்ணுவோர் இக்கடிதத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956 டிசம்பரில் காவல்துறையினர் ஜேம்ஸ் புரூசல் என்னும் மனநல மருத்துவரை நாடினர். அவர் கடிதங்களைப் படித்தார், ஆளைச் சொன்னார். மறு மாதமே ஜார்ஜ் மெட்டெஸ்கி என்பவன் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி நகரில் பிடிபட்டான். இரட்டை வரிசைப் பொத்தான் கோட்டு அணிந்து, பொத்தான்களைப் பூட்டியிருப்பான் என மருத்துவர் முன்பே கூறினாராம். அவனும் அவ்வாறே உடுத்திக்கொண்டு காவலருடன் புறப்பட்டானாம். இக்கதை உலகைச் சுற்றி வந்தது.

ஆனால் இதனை நமக்குச் சொன்னவர் யார்? புரூசலே. 1968இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவரே எழுதியது அது. பின்வந்த ஆய்வாளர் பழைய ஏடுகளைப் புரட்டியபோது வேறொரு சித்திரம் தெரிந்தது. செருமனியில் பிறந்தவன் என்றும், முகத்தில் தழும்புள்ளவன் என்றும், நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட வயதினன் என்றும் அன்று அவர் சொல்லியிருந்தார். மெட்டெஸ்கிக்குத் தழும்பில்லை, செருமனியிலும் பிறக்கவில்லை, வயதோ 53. பொருந்தியவை நினைவில் நின்றன, பொருந்தாதவை உதிர்ந்தன.

உண்மையில் அவனைக் கண்டுபிடித்தவர், அந்த மின்சார நிறுவனத்தில் எழுத்தராக இருந்த ஆலிஸ் கெல்லி என்னும் பெண்மணி. 1931இல் பணியிடத்தில் உடல்நலம் கெட்டு, இழப்பீடு மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் கோப்பை அவர் பொறுமையாகப் படித்தார். அதிலிருந்த ‘அநீதி’, ‘நிரந்தர ஊனம்’ என்னும் சொற்கள், குண்டு வைப்பவன் செய்தித்தாளுக்கு எழுதிய கடிதங்களிலும் இருந்தன. அக்கடிதங்களை வரவழைத்ததில் புரூசலுக்கும் பங்குண்டு: சித்திரத்தை வெளியிட்டால் அவன் வாய் திறப்பான் என்று அவர் கூறியது பலித்தது. எனினும், புரூசலின் பெயர் அறிந்தோருள் கெல்லியின் பெயர் அறிந்தோர் எத்தனை பேர்?

பின்னர் 1972இல் அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை நடத்தை ஆய்வுக்கெனத் தனிப்பிரிவு கண்டது. அதன் அலுவலர்கள் சிறைகளுக்குச் சென்று 36 கொலைஞர்களிடம் உரையாடி, கொலைஞரை ஒழுங்குடையோர், ஒழுங்கற்றோர் என வகுத்தனர். பேச இசைந்த 36 பேரை வைத்து மனித குலத்தின் இருண்ட மூலையை வரையறுப்பது சிறிய அகப்பையால் கடலை முகப்பது போன்றது என்பது என் கருத்து.

ஈண்டு என் வாழ்வில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியில் உளவியல் பாடம் கேட்ட சூட்டோடு ஒரு தோட்டப்பள்ளியில் பணியேற்ற காலம். சுற்றுலாவிற்குச் சேர்த்த நாற்பது வெள்ளி காணாமற் போயிற்று. மாணவர்களை வரிசையாய் நிறுத்தி முகங்களைப் படித்தேன். ஒருவன் தலைகுனிந்து நடுங்கினான். அவனே என்று முடிவு கட்டினேன்; வகுப்பின்முன் கேட்டும் விட்டேன். மறுநாள் அப்பணம் என் வருகைப் பதிவேட்டின் உறைக்குள்ளேயே இருந்தது. அவன் ஏன் நடுங்கினான்? நான் உற்று நோக்கியதால் நடுங்கினான். அதன்பின் அச்சிறுவன் என்னைக் கண்டால் வேறு பாதையில் போவான்.

நான் செய்த இப்பிழையையே ஓர் அரசு செய்தால் என்னாகும் என்பதை இலண்டன் வழக்கொன்று காட்டும். 1992 சூலை 15ஆம் நாள் விம்பிள்டன் பொதுவெளியில் ரேச்சல் நிக்கல் என்னும் இளந்தாய், இரண்டு வயது மகன் அருகிருக்கக் குத்திக் கொல்லப்பட்டார். உளவியலறிஞர் ஒருவர் கொலைஞனின் சித்திரத்தை வரைந்தார். அப்பகுதியில் தனித்து வாழ்ந்த இளைஞர் ஒருவர் அதற்குப் பொருந்துவதாகக் காவலர் கருதினர். பெண் காவலர் ஒருவர் மாறுபெயரில் காதல் நடித்துப் பல மாதங்கள் அவரோடு பழகினார். எவ்வளவு தூண்டியும், அக்கொலையைத் தாம் செய்ததாக அவர் ஒருகாலும் சொல்லவில்லை. ஆயினும் 1993 ஆகத்தில் கைது செய்யப்பட்டார். 1994 செப்டம்பரில் நீதிபதி அச்சூழ்ச்சியை வன்மையாகக் கடிந்து, சான்றுகளை ஏற்க மறுத்தார். இளைஞர் விடுதலையானார்.

சட்டம் விடுவித்தது, ஊர் விடுவிக்கவில்லை. தப்பிவிட்ட கொலைகாரன் என்றே பலர் அவரைத் தொடர்ந்து எண்ணினர். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில், மரபணுச் சான்றின்முன் இராபர்ட் நேப்பர் என்பவன் ரேச்சலைக் கொன்றது தானே என ஒப்புக்கொண்டான். காவல்துறை அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கோரியது. அப்போது அவர் இளைஞர் அல்லர். அவர் சிறையில் விசாரணைக்குக் காத்திருந்த 1993 நவம்பரில், வெளியே திரிந்த நேப்பர் மற்றுமொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் அவர்கள் வீட்டிலேயே கொன்றிருந்தான்.