பனிக்காலச் சாலைக்குத் தயாரான கார்: ஒரு வரலாறு

குளிர்நாடுகளில் கார் வைத்திருப்போர் ஆண்டுதோறும் முதல் பனி விழுவதற்கு முன் வண்டியைச் சோதித்துத் தயார் செய்கிறார்கள். டயர் மாற்றுதல், ரேடியேட்டர் நீர்மத்தைச் சரிபார்த்தல், எஞ்சின் எண்ணெயையும் பேட்டரியையும் சோதித்தல், துடைப்பான்களைப் புதுப்பித்தல் ஆகியவை இதில் அடங்கும். பழுதுபார்க்கும் பட்டறைகளில் இன்று இது சில மணி நேர வேலை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் தனித்தனி வரலாறு உண்டு. பெரும்பாலும் ஒரு விபத்தோ, உடைந்த எஞ்சினோ, உறைந்துபோன பயணமோதான் அவற்றைத் தேவையாக்கியது. ஒரு சிக்கலுக்குக் கண்டறிந்த தீர்வு புதிய சிக்கலைக் கொண்டுவந்த கதைகளும் இதில் உண்டு.

குளிர்காலத்தில் ஓடாத கார்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் கார் என்பது கோடைக்கால வண்டியாகவே இருந்தது. பனி தொடங்கியதும் பலர் காரைக் கொட்டகையில் நிறுத்தி, அச்சுகளுக்கு அடியில் மரக்கட்டைகளை வைத்து, வசந்தம் வரும்வரை விட்டுவிடுவார்கள். இதற்குச் சாலையும் ஒரு காரணம். குதிரைகள் இழுக்கும் சறுக்கு வண்டிகளுக்கு அழுத்தப்பட்ட பனி வசதியானது. ஆகவே வெர்மான்ட் போன்ற இடங்களில் பனியை அகற்றாமல், பெரிய மர உருளைகளால் அதை அழுத்திச் சமன்செய்தார்கள். காருக்கோ பனி நீக்கப்பட்ட தரை தேவைப்பட்டது. கார்கள் பெருகிய பிறகே சாலைப் பனியை ஒதுக்கித் தள்ளும் பணி அரசுகளின் பொறுப்பாக மாறியது.

வண்டியின் அமைப்பும் குளிருக்கு ஏற்றதாக இல்லை. 1919இல் அமெரிக்காவில் தயாரான கார்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான் கூரையும் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட மூடிய கார். 1927இல் இந்த அளவு 80 விழுக்காட்டைத் தாண்டியது. எட்டே ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றமே குளிர்காலத்திலும் கார் ஓட்டும் வழக்கத்திற்கு வழி திறந்தது.

உறையும் நீரும் உடையும் எஞ்சினும்

நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடுகிறது. எஞ்சினைச் சுற்றி ஓடும் குளிர்விப்பு நீர் உறைந்தால், விரிவடைய இடமின்றி ரேடியேட்டர் குழாய்களைப் பிளக்கும். எஞ்சினின் வார்ப்பிரும்புச் சுவரையே விரிசல்விடச் செய்யும். இதைத் தவிர்க்க, தொடக்கக் கால ஓட்டுநர்கள் இரவில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றி வண்டியைக் கிளப்பினார்கள். ஒரே ஓர் இரவு இதை மறந்தாலும் எஞ்சின் பாழானது.

நீரில் எதையாவது கலந்து உறைநிலையைத் தாழ்த்தும் முயற்சிகளும் நடந்தன. உப்புக் கரைசல் உலோகத்தை அரித்தது. மெத்தனால் போன்ற ஆல்கஹால்கள் நன்கு வேலை செய்தன, விலையும் குறைவு. ஆனால் மெத்தனால் ஏறக்குறைய 65 டிகிரி செல்சியசிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எஞ்சின் சூடாகும்போதெல்லாம் அது குறைந்துகொண்டே போனதால், குளிர்காலம் முழுவதும் திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டியிருந்தது. எவ்வளவு மீதி இருக்கிறது என்பது தெரியாமல் வண்டியை வெளியே நிறுத்துவது ஒரு சூதாட்டம்.

இதற்கு நிலையான தீர்வாக வந்தது எத்திலீன் கிளைக்கால். பிரெஞ்சு வேதியியலாளர் சார்லஸ் அடால்ஃப் வுர்ட்ஸ் 1850களில் இதைத் தயாரித்திருந்தார். காருக்கான உறைதடுப்பானாக 1927இல் அமெரிக்காவில் பிரஸ்டோன் என்னும் பெயரில் இது விற்பனைக்கு வந்தது. இதன் கொதிநிலை ஏறக்குறைய 197 டிகிரி செல்சியஸ் என்பதால் எளிதில் ஆவியாவதில்லை. இதில் ஒரு வியப்பும் உண்டு. தூய எத்திலீன் கிளைக்கால் ஏறக்குறைய மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். நீருடன் சம அளவில் கலந்தால்தான் உறைநிலை மைனஸ் 37 டிகிரி அளவுக்குத் தாழ்கிறது. நீர் கலக்காமல் முழுவதும் உறைதடுப்பானையே ஊற்றினால் இன்னும் பாதுகாப்பு என்று நினைப்பது அதனால் தவறு.

இந்தத் தீர்வும் ஒரு கேட்டைக் கூடவே கொண்டுவந்தது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. உடலுக்குள் சென்றால் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். கசிந்து தரையில் தேங்கிய நீர்மத்தை நக்கி நாய்களும் பூனைகளும் இறப்பதுண்டு, குழந்தைகளுக்கும் ஆபத்து. இதனால் அதில் கசப்புப் பொருள் சேர்க்க வேண்டும் என்று பல இடங்களில் சட்டம் இயற்றப்பட்டது.

குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புதல்

குளிரில் எண்ணெய் கெட்டியாகிறது. கெட்டியான எண்ணெய் எஞ்சினின் உட்பாகங்களைப் பிடித்து நிறுத்துகிறது. முன்புறம் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தில், குளிர்காலக் காலைகளில் இது பெரும்பாடு. எஞ்சின் திடீரெனப் பின்னோக்கி உதைத்தால் சுழற்றுபவரின் கை எலும்பு முறியும். 1912ஆம் ஆண்டுக்கான காடிலாக் கார்களில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் துவக்கி பொருத்தப்பட்டது. உடல் வலிமை குறைந்தோரும் தனியாகக் காரைக் கிளப்ப அது வழிசெய்தது.

ஆனால் பொறுப்பு இப்போது மனிதக் கையிலிருந்து பேட்டரிக்கு மாறியது. காரீய அமில பேட்டரி வேதிவினையால் இயங்குவது. குளிரில் அந்த வினை மந்தமாகும். உறைநிலைக்குக் கீழே மைனஸ் 18 டிகிரி அளவில் அதன் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். எண்ணெய் கெட்டியாகி எஞ்சின் அதிக விசையைக் கேட்கும் அதே நேரத்தில் பேட்டரி குறைவாகத் தருகிறது. கோடையில் குறையின்றி வேலை செய்த பழைய பேட்டரி முதல் கடுங்குளிரில் கைவிடுவதற்கு இதுவே காரணம். பேட்டரிகளின் மேல் அச்சிடப்படும் குளிர்த் துவக்க மின்னோட்ட அளவு இந்த மைனஸ் 18 டிகிரியிலேயே அளக்கப்படுகிறது.

எண்ணெயின் கெட்டித்தன்மைக்கும் தனித் தரவரிசை உருவானது. எண்ணெய்ப் புட்டிகளில் 5டபிள்யூ-30 என்று காணப்படும் குறியீட்டில் உள்ள டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்பு கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என எண்ணெயை மாற்ற வேண்டியிருந்தது. 1950களில் பரவிய பல்தர எண்ணெய்கள் குளிரில் இளகியும் வெப்பத்தில் போதிய தடிப்போடும் இருந்ததால் அந்தத் தேவை குறைந்தது.

இவற்றில் எதுவும் போதாத இடங்களும் இருந்தன. வட டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன், எஞ்சினை மின்சாரத்தால் சூடாக வைக்கும் ஒரு கருவியை உருவாக்கி 1949இல் காப்புரிமை பெற்றார். இரவில் வண்டியை மின்செருகியில் இணைத்துவைத்தால் காலையில் எஞ்சின் எளிதில் கிளம்பும். கனடாவின் வின்னிபெக், எட்மண்டன் போன்ற நகரங்களில் வாகன நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்செருகிகள் இருப்பது இதனால்தான்.

தயாரிப்பின்மை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 1941இன் குளிர்காலம் சான்று. மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியப் படையின் வாகனங்கள் குளிருக்கேற்ற எண்ணெயும் உறைதடுப்பானும் போதாமல் நின்றுபோயின. எஞ்சின்களுக்கு அடியில் நெருப்பு மூட்டி அவற்றைக் கிளப்ப வேண்டியதாயிற்று.

சாலையைப் பற்றும் டயர்

வழுக்கும் சாலையில் பிடிமானம் பெற முதலில் ஓட்டுநர்கள் டயர்களில் கயிறு சுற்றினார்கள். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் இதற்கு மாற்றாகச் சங்கிலியை வடிவமைத்து 1904இல் காப்புரிமை பெற்றார். மலைச்சாலைகளில் பனிச் சங்கிலி இன்றும் பயன்படுகிறது. ஆனால் பனியில்லாத சாலையில் அது டயரையும் தரையையும் கெடுக்கும். வேகமாகவும் போக முடியாது.

டயரையே பனிக்கு ஏற்றபடி அமைக்கும் எண்ணம் பின்லாந்தில் உருவானது. நோக்கியா ஊரில் இயங்கிய ரப்பர் தொழிற்சாலை 1934இல் சரக்கு வண்டிகளுக்கான பனி டயரைக் கொண்டுவந்தது. உலகின் முதல் பனி டயராக இது கருதப்படுகிறது. குறுக்கு வாட்டத்தில் ஆழமான பள்ளங்கள் கொண்ட அதன் மேற்பரப்பு, பனியைக் கவ்வி வண்டியை முன்னே தள்ளியது. 1936இல் கார்களுக்காக ஹக்கபெலிட்டா என்னும் டயர் வந்தது. முப்பதாண்டுப் போரில் பங்குகொண்ட பின்லாந்துக் குதிரைப்படையினரின் பெயர் அது. அந்தப் பெயரில் இன்றும் டயர்கள் விற்பனையாகின்றன.

பனி டயரின் சிறப்பு பள்ளங்களில் மட்டும் இல்லை. சாதாரணக் கோடை டயரின் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்குகிறது. விறைத்த ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களோடு படியாது. பனி டயரின் ரப்பர் கலவை கடுங்குளிரிலும் நெகிழ்ந்தே இருக்கும். ஆகவே பனி விழாத, வெறுமனே குளிர்ந்த சாலையிலும் அது பயன் தருகிறது.

ஆணி டயரும் அதன் விலையும்

இறுகிய பனிக்கட்டியின் மேல் ரப்பர் மட்டும் போதவில்லை. 1960களில் டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட சிறு ஆணிகள் பதித்த டயர்கள் வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வேகமாகப் பரவின. பனிக்கட்டியில் அவற்றின் பிடிமானம் சிறப்பானது. ஆனால் பனி உருகிய நாட்களில் அதே ஆணிகள் சாலையைச் சுரண்டின. சக்கரத் தடங்களில் பள்ளம் விழுந்தது. மழை நீர் அதில் தேங்கி வேறு விபத்துகளுக்கு வழிவகுத்தது. மினசோட்டா மாநிலமும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணமும் 1971இல் ஆணி டயரைத் தடைசெய்தன. ஜெர்மனி 1975இல் தடை விதித்தது.

ஜப்பானில் சிக்கல் மூச்சுக்காற்றைத் தொட்டது. செண்டாய், சப்போரோ நகரங்களில் ஆணிகள் அரைத்த சாலைத்தூள் காற்றில் கலந்து, குளிர்காலம் முடியும் நாட்களில் தெருக்களை மூடியது. மக்கள் முகத்தை மறைத்துக்கொண்டு நடமாடினார்கள். அவர்களின் எதிர்ப்பும் உடல்நலக் கவலையும் 1990இல் ஆணி டயர்த் தூளைத் தடுக்கும் சட்டத்தில் போய் முடிந்தன. இதற்குள் ஆணியில்லாப் பனி டயர்கள் வளர்ந்திருந்தன. பிரிட்ஜ்ஸ்டோனின் பிளிசாக் 1988இல் வெளிவந்தது. நுண்துளைகள் நிறைந்த அதன் ரப்பர், பனிக்கட்டியின் மேல் படியும் மெல்லிய நீர்ப்படலத்தை உறிஞ்சி அகற்றிப் பிடிமானம் தந்தது.

எனினும் காற்று தெளிந்த இடத்தில் சாலை வழுக்கியது. ஆணிகள் பனிக்கட்டியைக் கீறிச் சொரசொரப்பாக்கி வந்தன. அவை நின்றபின், சந்திப்புகளில் நின்று கிளம்பும் சக்கரங்கள் பனியைத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கின. பின்லாந்தும் சுவீடனும் நார்வேயும் ஆணி டயரை முழுவதுமாகக் கைவிடவில்லை. நார்வேயின் சில நகரங்கள் அதற்குத் தனிக் கட்டணம் விதிக்கின்றன. நுரையீரலுக்கும் சாலைப் பாதுகாப்புக்கும் இடையே எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில் நாடுகள் வெவ்வேறு முடிவுகளை எடுத்துள்ளன.

பார்வையும் வெப்பமும்

அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் ஒரு குளிர்காலத்தில் நியூயார்க் சென்றபோது, டிராம் ஓட்டுநர் பனியால் மறைந்த கண்ணாடி வழியே பார்க்க முடியாமல் தவிப்பதைக் கண்டார். உள்ளிருந்தே இயக்கக்கூடிய ரப்பர் துடைப்பானை வடிவமைத்து 1903இல் காப்புரிமை பெற்றார். அது எல்லாக் கார்களிலும் இடம்பெறும் முன்பே காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அவருக்குப் பணப்பயன் கிட்டவில்லை.

காருக்குள் வெப்பம் வேண்டுமெனில் முதலில் கம்பளிப் போர்வையும் கரி இட்ட கால்சூடேற்றியும்தான் துணை. பின்னர் எஞ்சினின் வீண் வெப்பம் பயன்பட்டது. 1938இல் நாஷ் நிறுவனம் வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே செலுத்தும் முறையை அறிமுகப்படுத்தியது. முன்கண்ணாடியில் ஈரம் படியாமல் காக்கவும் சூடான காற்று உதவுகிறது.

இந்த வசதி உயிருக்கே உலையாகவும் மாறலாம். 1978 பிப்ரவரியில் மாசசூசெட்சைத் தாக்கிய பனிப்புயலில் ஒரே நெடுஞ்சாலையில் 3,000க்கும் மேற்பட்ட கார்கள் சிக்கின. குளிர் தாங்க எஞ்சினை ஓடவிட்டிருந்த சிலர், புகைக்குழாய் பனியால் அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவி இறந்தனர். பனியில் சிக்கினால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும் என்பதும், வண்டியில் மண்வாரியும் போர்வையும் வைத்திருக்க வேண்டும் என்பதும் இத்தகைய இழப்புகளிலிருந்து கற்ற பாடங்கள்.

வழக்கத்திலிருந்து சட்டத்திற்கு

கியூபெக் மாகாணம் 2008 முதல் குளிர்காலத்தில் பனி டயரைக் கட்டாயமாக்கியது. ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் பனி டயர் பொருத்துவோருக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்ற விதி 2016இல் வந்தது. ஈழத்திலிருந்து சென்று டொராண்டோவில் குடியேறிய தமிழர்கள் போன்று, பனியையே அறியாத நாட்டில் வளர்ந்து அங்கே கார் ஓட்டுவோருக்கு இந்த விதிகள் எழுதிவைத்த அனுபவ அறிவாகப் பயன்படுகின்றன.

சாலையில் தூவும் உப்பும் பராமரிப்பு வழக்கத்தை மாற்றியது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1938இல் பனி உருக்க உப்பைச் சோதித்துப் பார்த்தது. போருக்குப் பின் அது எங்கும் பரவியது. சாலை தெளிந்தது, காரின் அடிப்பகுதி துருப்பிடித்தது. குளிர்காலத்தில் அடிப்பகுதியைக் கழுவுவதும் பிரேக் குழாய்களைச் சோதிப்பதும் அதனால் தேவையாயின.

மின்சாரக் கார்கள் இப்பட்டியலைச் சற்றே சுருக்கியுள்ளன. எஞ்சின் எண்ணெயும் கிளம்பாத எஞ்சினும் அவற்றில் இல்லை. ஆனால் வீணாகும் எஞ்சின் வெப்பமும் இல்லாததால், பயணிகளைச் சூடாக வைக்கப் பேட்டரியே மின்சாரம் தர வேண்டும். குளிரில் அவை ஓடும் தொலைவு குறைகிறது. புறப்படும் முன்பே, மின்செருகியில் இணைந்திருக்கையில் வண்டியைச் சூடாக்கிவிடுமாறு ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்தப்படுகிறது. ஃப்ரீமன் காப்புரிமை பெற்று முக்கால் நூற்றாண்டு கடந்த பின்னும், கடுங்குளிர் ஊர்களில் கார்கள் இரவில் மின்செருகியோடு இணைந்தே நிற்கின்றன.