கண்ணும் கையும் பிரிந்த வரலாறு: அவசரகாலச் சுக்கான் இயக்கம் குறித்த ஓர் ஆய்வு

முன்னுரை

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய முதலாம் இராசேந்திரன்தான் 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படையை அனுப்பினான். கலங்கள் பல சென்றதை அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. அவற்றைத் திருப்பிய விதத்தைச் சொல்லவில்லை. அதற்கு முந்திய அஜந்தா 2ஆம் குகை ஓவியமும் போரோபுதூர்ச் சிற்பங்களும், பின்பகுதியின் பக்கவாட்டில் சுக்கான் துடுப்பு பூட்டிய கலங்களைக் காட்டுகின்றன. அத்தகைய கலத்தில் துடுப்பைப் பிடித்தவனே பாயையும் அலையையும் பார்த்தான். அந்தக் கண்ணும் கையும் பிரிந்ததன் விளைவே அவசரகாலச் சுக்கான் இயக்கம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பிரிவு

18ஆம் நூற்றாண்டில் சுக்கான் சக்கரம் பரவியது. கைக்கும் சுக்கானுக்கும் நடுவே கயிறு வந்தது. கப்பல்கள் பெருத்தபோது மனித வலு போதவில்லை. ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலுக்காக ஜான் மக்ஃபார்லேன் கிரே உருவாக்கிய நீராவிப் பொறி, சக்கரம் திரும்பிய அளவுக்கே சுக்கானைத் திருப்பி நிறுத்தியது. 20ஆம் நூற்றாண்டில் அந்த வேலையை ஹைட்ராலிக் பம்பு ஏற்றது. மாலுமி கப்பலை நடத்தும் மேடையான பிரிட்ஜில் நிற்க, பொறி கப்பலின் பின்கோடி அறைக்குள் போனது.

இடையில் ஆணைச்சொல்லும் சிக்கலானது. பிரிட்டிஷ் மரபில் ‘ஸ்டார்போர்டு’ என்றால் சுக்கான் பிடியை வலப்புறம் தள்ளுவது. கப்பலோ இடப்புறம் திரும்பும். கப்பல் திரும்ப வேண்டிய பக்கத்தையே ஆணையில் சொல்ல வேண்டும் என கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான 1929ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தமான சோலாஸ் விதித்தது.

விபத்தும் விதியும்

1978 மார்ச் 16 அன்று, பிரான்சின் பிரிட்டனி கடற்கரைக்கு அப்பால், ‘அமோகோ காடிஸ்’ எண்ணெய்க் கப்பலின் ஹைட்ராலிக் அமைப்பு பழுதாகிச் சுக்கான் கட்டுக்கடங்காமல் போனது. பழுது நீக்க முடியவில்லை. கப்பல் தரைதட்டி உடைந்து, சுமார் 2.2 லட்சம் டன் கச்சா எண்ணெய் கடலில் கலந்தது. 1981இல் ஏற்கப்பட்டு 1984 செப்டம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த சோலாஸ் திருத்தங்கள், 10,000 மொத்த டன்னும் அதற்கு மேலும் உள்ள எண்ணெய்க் கப்பல்களில், ஓரிடத்துப் பழுதால் சுக்கானை இயக்கும் திறன் போனால் 45 விநாடிக்குள் அது மீள வேண்டும் என்றன.

பின்னறையில்

மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அவசரகாலச் சுக்கான் பயிற்சி நடத்துவது கட்டாயம். பிரிட்ஜின் கட்டுப்பாடு துண்டிக்கப்படும். பல கப்பல்களில், பின்னறையில் இருப்பவர் மின்காந்தத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வின் முனையைக் கையால் அழுத்துவார். ஒரு முனை இடப்பக்கத்துக்கு, மறுமுனை வலப்பக்கத்துக்கு. ‘போர்ட் டென்’ (இடப்புறம் பத்துப் பாகை) என்று தொலைபேசியில் வரும் ஆணையைத் திருப்பிச் சொல்லி, பாகைமுள் பத்தைத் தொட்டதும் விரலை எடுத்து, முடிந்ததென்று தெரிவிப்பார். கடல் அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவ்வறைக்கு நேரடித் தொடர்பும் திசைகாட்டி அளவும் கிடைக்க வேண்டும் என்கிறது விதி.

இங்கே கை திறப்பது வால்வை. சுக்கானைத் தள்ளுவது பம்புதான். பம்புக்குப் போகும் மின்சாரம் நின்றால் கையும் பயன்படாது. 2024 மார்ச் 26 அன்று பால்டிமோரில், பெரும்பாலும் இந்திய மாலுமிகள் பணியாற்றிய ‘டாலி’ கப்பல், முதலில் மின்சாரம் இழந்து சுமார் நான்கு நிமிடத்தில் பாலத்தில் மோதியது.

முடிவுரை

பாகைக் கணக்கும் விநாடிக் கணக்கும் பொறிக்கான அளவுகோல்கள். பார்ப்பவர் சொன்னது, அழுத்துபவரிடம் பிழையின்றி எத்தனை விரைவில் போய்ச் சேர்கிறது என்பதும் பயிற்சியில் அளக்கப்பட வேண்டும். சோழர் காலச் சுக்கானிக்குத் தேவைப்படாத திறன் அது. இன்றைய சுக்கானிக்கு அதுவே முதல் தேவை.