கொக்கலவில் எஞ்சிய வீடு

காலியிலிருந்து மாத்தறைக்குச் செல்லும் வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடையே கொக்கல என்னும் ஊர் இருக்கின்றது. சிங்கள இலக்கியத்தின் தலையாய கதாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க 1890ஆம் ஆண்டிற் பிறந்த வீடு அங்கே நிற்கின்றது. அதனை ஒட்டி நாட்டார் வாழ்க்கையைக் காட்டும் நூதனசாலை ஒன்றும் உண்டு. 1976இல் அவர் மறைந்த பின்னர், அவர் பெயரால் அமைந்த நம்பிக்கை நிதியம் அதனை 1981இல் மக்களுக்குத் திறந்துவைத்தது. அரசாங்கத்தின் பெரும் நூதனசாலைகளோடு ஒப்பிட்டால் இது அளவிற் சிறியதே. வன்னிப் பெருநிலத்தின் புளியங்குளத்திலிருந்துகொண்டு தென்கோடியிலுள்ள அந்த வீட்டைப் பற்றி நாம் எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவ்வீடு நிற்பதைக் காட்டிலும், அதனைச் சூழ்ந்திருந்த வீடுகள் நில்லாமற் போனதே நம் சிந்தனையைத் தூண்டுகின்றது.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. இந்து சமுத்திரத்தைக் காக்கும் கவலை பிரித்தானிய ஏகாதிபத்தியத்தைப் பற்றிக்கொண்டது. நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும்பும் விமானங்களுக்குக் கொக்கல வாவி ஏற்ற இடமாக அமைந்தது. வாவிக்கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்கள் குறுகிய அவகாசத்தில் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். வீடுகள் இடிக்கப்பட்டன, மரங்கள் வெட்டப்பட்டன, ஊர் விமானத் தளமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 4ஆம் நாள் அத்தளத்திலிருந்து பறந்த கனேடிய விமானி லெனாட் பேர்ச்சோல், இலங்கையை நோக்கி வந்த யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். யுத்த வரலாறு எழுதுவோர் அந்தச் செய்தியை மறவாது குறிப்பிடுவர். அதே தளத்துக்காக அடுப்பையும் கிணற்றையும் விட்டுப் போனவர்களுக்கோ அவ்வரலாறுகளில் ஒரு வரி கிடைப்பதே அரிது.

விக்கிரமசிங்கவின் பிறந்தகம் தப்பியது எவ்வாறு? இலக்கியத்தின்மீது கொண்ட மதிப்பினால் அன்று. படை அதிகாரிகள் தங்குவதற்கு அது வாய்ப்பாக இருந்தமையால்! 1941இல் டால்ஸ்டாயின் யாஸ்னயா பொல்யானாவைப் பிடித்த ஜெர்மானியப் படை, பின்வாங்கும்போது அவ்வில்லத்திற்குத் தீ வைத்துச் சென்றது; அரும்பொருள்கள் முன்னரே கிழக்கே கொண்டுசெல்லப்பட்டிருந்தமையால் தப்பின. கொக்கல மக்களுக்கு அவ்வாறு எதனையும் எடுத்துச் சேமிக்கும் அவகாசம் ஏது?

ஆயினும் ஒன்று சேமிக்கப்பட்டிருந்தது. தம் இளமைக்கால ஊரை நினைவுகூர்ந்து விக்கிரமசிங்க எழுதிய 'அபே கம' என்னும் நூல் 1940இல் வெளிவந்தது. 'எங்கள் ஊர்' என்பது அதன் பொருள். இரண்டே ஆண்டுகளில் அந்த ஊர் அழிந்தது. மேலும் இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1944இல், அவருடைய தலைசிறந்த நாவலான 'கம்பெரலிய' வந்தது. எம். எம். உவைஸ் அதனைக் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாக்கினார். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1963இல் அதனைத் திரைப்படமாக்கினார். 1965இல் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் அப்படம் தங்கமயில் விருது பெற்றது.

நாவலின் கதை விமானத் தளத்தைப் பற்றியதன்று. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில் 'மகாகெதர' எனப்படும் பெரியவீட்டுக் குடும்பம் சிறுகச் சிறுகச் சரிவதும், அக்குடும்பத்துப் பெண் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பித்த பியல் என்னும் எளிய குடும்பத்து இளைஞன் கொழும்பு சென்று வணிகத்தில் உயர்வதுமே கதை. குலப்பெருமை பேசி அவனை மறுத்த வீடு, பின்னர் அவன் பணத்தின் முன் தலைதாழ்த்துகின்றது. நிலவுடைமைச் சமுதாயம் முதலாளித்துவத்துக்கு இடம்விடுவதைச் சுலோகம் ஏதுமின்றி, ஒரு வீட்டின் கூரை ஒழுகுவதைக் காட்டுவதுபோற் காட்டிய நூல் அது. 'கலியுகய', 'யுகாந்தய' என்னும் இரு நாவல்களுடன் சேர்த்துப் படித்தால் தொழிலாளர் போராட்டம் வரையில் அம்மாற்றத்தைத் தொடரலாம்.

இந்த நாவலை மனத்திற்கொண்டே கொக்கல நூதனசாலையைக் காணவேண்டும். அங்கே எழுத்தாளரின் பொருள்கள் மட்டும் இருந்திருந்தால் அது ஒரு பெரிய மனிதரின் நினைவில்லமாக முடிந்திருக்கும். கலப்பை, மட்கலம், மீன்பிடிக் கருவி, வண்டி, முகமூடி, பொம்மலாட்டப் பாவை எனக் கிராமத்தார் கைபட்ட பொருள்களே அங்கு மிகுதி. நாட்டார் பொருள்களுக்கென ஒரு சாலை வேண்டும் என்பது விக்கிரமசிங்கவின் எண்ணமாகவே இருந்தது. எழுத்தாளனைக் கௌரவிக்க அவன் எழுதிய மக்களின் கருவிகளை அவனருகே வைப்பதினும் சிறந்த வழி நாம் அறியோம். எனினும் எந்த நாட்டார் நூதனசாலைக்கும் ஓர் அபாயம் உண்டு. கண்ணாடிக்குள் வைத்த கலப்பை அழகாகவே தோன்றும். அதனைப் பிடித்தவன் கொடுத்த குத்தகையும் பட்ட கடனும் கண்ணாடிக்குள் வாரா. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் முன்னதாகவே 'கிராமப் பிறழ்வை' அவர்கள் கையிற் கொடுக்கட்டும்.

தமிழ் வாசகர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றையும் நாம் ஒளிக்கவேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் ஆட்சி மாற்றத்தை, ஆங்கிலம் கற்ற மேட்டுக்குடியாகிய 'பிராமண குலத்தின்' வீழ்ச்சி என்று கண்டவர் விக்கிரமசிங்க. அந்தக் கணிப்பில் உண்மை இருந்தது. ஆனால் அதே ஆண்டிலேதான் தனிச்சிங்களச் சட்டமும் வந்தது. வீழ்ந்தவர்கள் மேட்டுக்குடியினர் மட்டுமல்லர். ஆங்கிலத்தின் வாசலையே காணாத தமிழ் உழவனும் தன் சொந்த நாட்டின் கச்சேரியில் அந்நியனானான். இதனைச் சொல்லிக்கொண்டே அவர் நாவலை நேசிக்க முடியும். ஊரிழந்தவரின் துயரம் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் வன்னி மக்களுக்குப் பொருள் விளங்காமற் போகாது.

ஏனெனில் அத்துயரத்தை இப்பகுதி பலமுறை கண்டுள்ளது. கண்டி வீதியிலிருந்து நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் சந்தியான புளியங்குளம், 1997 மே மாதம் தொடங்கிய 'ஜயசிக்குறு' படை நடவடிக்கையின்போது மாதக்கணக்கில் போர்முனையாக இருந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி முழுவதுமே இடம்பெயர்ந்தது.

வன்னிக்குக் கதைசொல்லிகள் இல்லாமல் இல்லை. தண்ணிமுறிப்புக் காட்டுப்புறத்தையும் பதஞ்சலி என்னும் பெண்ணையும் மறக்கவொண்ணாதபடி தீட்டிய நா. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. 1984இன் இறுதியில் தண்ணிமுறிப்புப் பகுதித் தமிழ் மக்கள் தம் குடியிருப்புகளை விட்டு வெளியேற நேர்ந்தது. கொக்கலவில் நூலுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள், இங்கே பதினொன்று. ஆசிரியரும் புலம்பெயர்ந்து டென்மார்க் சேர்ந்தார். தண்ணிமுறிப்பு எவ்வாறு இருந்தது என்று இன்றைய மாணவன் கேட்டால் அந்த நாவலையே எடுத்துக் காட்டவேண்டியிருக்கின்றது.

எழுதப்பட்டது நூலில் இருக்கின்றது. எழுதப்படாததோ முதியோரின் வாயில் இருக்கின்றது. வயலைப் பன்றியிடமிருந்தும் குருவியிடமிருந்தும் காக்கப் பாடிய பண்டிப் பள்ளும் குருவிப் பள்ளும், முல்லைத்தீவின் கோவலன் கூத்தும் ஓரளவு பதிவாகியுள்ளன. 1895இல் வன்னியைப் பற்றிப் பெருநூல் எழுதிய ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரிகூட இந்நாட்டவரின் வழக்கங்களைக் குறித்துவைத்தார். ஆனால் சூடு மிதிக்கும்போது மாத்திரம் களவெட்டியில் வழங்கிய குழூஉச் சொற்களை முழுமையாக அறிந்தோர் இன்று மிகச் சிலரே. உழவு இயந்திரம் எருமைகளின் இடத்தைப் பிடித்தபின் அச்சொற்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. நெடுங்கேணியிலும் ஒட்டுசுட்டானிலும் கற்பிக்கும் ஆசிரியர்கள், வகுப்பிலுள்ள பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, அப்பு, ஆச்சியிடம் அச்சொற்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லலாம். சுளகோ, துலாவோ, பழைய கொத்தோ வீட்டில் இருந்தால் அதன் பெயரையும், செய்தவர் யார் என்பதையும், எந்த இடப்பெயர்வின்போது யார் அதனைச் சுமந்து வந்தார் என்பதையும் அக்கொப்பியிலேயே குறித்துவரச் சொல்லலாம்.