ராடாருக்கு முந்தைய வரைபட மேசை: பிரிட்டிஷ் வான் பாதுகாப்புக் கட்டுப்பாட்டின் தொடக்கம் குறித்து

1940இல் பிரிட்டனைக் காத்த வான் பாதுகாப்புக் கட்டளை அமைப்பு எப்போது உருவானது? வின்ஸ்டன் சர்ச்சில் தம் போர் வரலாற்றின் இரண்டாம் தொகுதியில் (1949) தந்த விடையே இன்றும் செல்வாக்குடன் இருக்கிறது. 1940 செப்டம்பர் 15 அன்று அக்ஸ்பிரிட்ஜில், 11ஆம் குழுவின் நிலத்தடி அறையில் அதன் தளபதி கீத் பார்க்குடன் இருந்தவர் அவர். வரைபட மேசையையும் விளக்குப் பலகையையும் நேரில் கண்டு எழுதினார். இந்த ஏற்பாடு இல்லாதிருந்தால் ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களின் மேன்மை வீணாகியிருக்கும் என்னும் அவரது மதிப்பீடு சரியே. ஆனால், போருக்கு முன் டவுடிங்கின் தூண்டுதலால் விமான அமைச்சகம் இதை வகுத்தது என்று அவர் சொல்வதை ஏற்க முடியவில்லை. டவுடிங் தலைமையில் போர் விமானக் கட்டளையகம் அமைந்தது 1936 ஜூலையில். சான்றோ அதற்கு 18 ஆண்டுகள் முன்னே செல்கிறது.

லண்டன் வான் பாதுகாப்புப் பகுதியின் தளபதியாக இருந்த ஆஷ்மோர் 1929இல் வெளியிட்ட நூலே அந்தச் சான்று. ஹார்ஸ் கார்ட்ஸில் அவரது மையக் கட்டுப்பாட்டு அறை 1918 செப்டம்பர் 12 முதல் இயங்கியது. கட்டம் போட்ட பெரிய வரைபடம் மேசைமேல் கிடக்கிறது. சுற்றிலும் காதுக்கருவி அணிந்தவர்கள். மேலே மாடத்திலிருந்து தளபதி பார்க்கிறார். களத்தில் காணப்பட்ட விமானம் ஏறக்குறைய அரை நிமிடத்தில் மேசையில் வில்லையாகிறது.

வில்லைகளைப் பற்றிய ஒரு வாக்கியம்தான் இக்கட்டுரைக்கு ஆதாரம். வில்லைகள் பல நிறத்தவை. மேசை நெரிசலாகாதபடி அவை இடைவெளிவிட்டு அகற்றப்பட்டன. 1940இன் அறைகளில் கடிகார முகம் சிவப்பு, மஞ்சள், நீலம் என 5 நிமிடப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. முள் நிற்கும் நிறத்திலேயே குறி வைத்தார்கள். ஆகவே பழைய தகவல் எது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. 1918இல் நிறம் கடிகாரத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததா என்பதை ஆஷ்மோரின் வாக்கியம் சொல்லவில்லை. எனினும் தகவலுக்கு வயது உண்டு, வயதானதை நீக்க வேண்டும் என்ற கொள்கை அதில் முழுமையாகவே இருக்கிறது.

இரு காலத்தவரும் தனித்தனியே இந்த முறையைக் கண்டிருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் இடையில் தொடர்ச்சி அறவில்லை. 1924இல் கென்ட் பகுதியில் நடந்த சோதனைகளும், 1925இல் தோன்றிய நோக்கர் படையும் ஆஷ்மோரின் கையிலேயே வளர்ந்தன. 1940இல் ராடார் கடலை நோக்கியே நின்றது. கரை கடந்த விமானங்களைப் பின்தொடர்ந்தது இந்தப் படைதான். பிற்கால அமைப்பைப் பார்த்து ஆஷ்மோர் தம் நினைவைத் திருத்திக்கொண்டார் என்று சொல்லவும் வழியில்லை. அவர் நூல் வந்து 6 ஆண்டுகள் கழித்தே, 1935 பிப்ரவரியில், டாவென்ட்ரி அருகே ராடாரின் முதல் சோதனை நடந்தது.

ஜெர்மனியின் கடைசி கோத்தா குண்டுவீச்சு விமானத் தாக்குதல் 1918 மே மாதத்திலேயே முடிந்துவிட்டதால், அந்த அறை எதிரியிடம் சோதிக்கப்படவில்லை என்பது உண்மை. டவுடிங் காலத்துப் புதுமைகளும் சிறியவை அல்ல. முரண்பட்ட ராடார் செய்திகளைச் சலித்தெடுக்கும் அறை கட்டளையகத்தின் தலைமையிடமான பென்ட்லி பிரையரியில் வந்தது. விமானியை வானொலி வழியே எதிரியிடம் கொண்டுசேர்க்கும் கணக்கு, 1936-37 பிகின் ஹில் சோதனைகளில் தேறியது. முடிவெடுக்கும் அதிகாரம் குழுக்களுக்கும் பிரிவுகளுக்கும் பகிரப்பட்டது.

ஆகவே இந்த அமைப்புக்கு ஒரே பிறப்பாண்டு குறிப்பது பொருந்தாது. நிறக் கடிகாரம் மேசைக்கு வந்த ஆண்டைத் திட்டவட்டமாகச் சொல்ல இந்தச் சான்று போதாது. ஆயினும் 1936ஐ நவீனமாக்கலின் ஆண்டு எனலாம், தொடக்கம் எனலாகாது. ராடார் வந்தபோது அதன் செய்தியை வாங்கி, வரிசைப்படுத்தி, ஆணையாக மாற்றும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. கருவி சில ஆண்டுகளுக்குள் போருக்குப் பயன்பட்டதற்கு அதுவே காரணம். டவுடிங்கின் பெயர் வரும் இடத்தில் ஆஷ்மோரின் பெயரும் வர வேண்டும்.