ரப்பர் தடியும் மர யானையும்

திருவட்டாறு வட்டாரத்தில் மரத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஊரைத் தாண்டிக் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் ரப்பர் தோட்டங்கள்தான். அந்தப் பகுதியில் வெட்டிய மரத்தைத் 'தடி' என்றுதான் சொல்வார்கள். பால் குறைந்துபோன ரப்பர் மரத்தை வெட்டினால் அந்தத் தடி விறகாகவும், பெட்டிப் பலகையாகவும், பிளைவுட்டாகவும் போய்விடுகிறது. ஆனால் இதே தடிக்குத் தாய்லாந்தில் வேறொரு மரியாதை உண்டு. அங்கே அது குழந்தைகளின் விளையாட்டுச் சாமானாகிறது.

மர விளையாட்டுச் சாமான்களில் ஒரு சுவாரசியமான வகை, விலங்கு வடிவப் புதிர். ஒரு பலகையில் யானையை வரைந்து, அதன் உருவத்தை அறுத்தெடுத்து, பிறகு அதையே நாலைந்து துண்டாக வெட்டுவார்கள். குழந்தை அவற்றைச் சேர்த்தால் மறுபடியும் யானை. பார்க்க எளிமையான சாமான். ஆனால் அதன் பின்னால் இரண்டரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. ஒரு வகையில் அது ஒரு வாளின் வரலாறு என்றே சொல்லலாம்.

வரைபடத்தில் தொடங்கிய விளையாட்டு

லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்றொருவர் இருந்தார். வரைபடங்களைச் செதுக்கி அச்சிடுவது அவர் தொழில். 1760களில் அவர் வரைபடத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டின் வழியே அறுத்து விற்றார். பிள்ளைகளுக்குப் புவியியல் கற்றுக்கொடுப்பதே நோக்கம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பிள்ளைகளும் இப்படி அறுத்த வரைபடங்களை வைத்துத்தான் படித்தார்கள். ஸ்பில்ஸ்பரி 1769இல் இறந்துபோனார். ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது. பிறகு வந்தவர்கள் விலங்குகள், பறவைகள், கதைக் காட்சிகள் என்று எதையெல்லாமோ ஒட்டி அறுத்தார்கள்.

அப்போது அவற்றுக்கு 'ஜிக்சா' என்ற பெயர் இல்லை; 'வெட்டிய வரைபடம்' என்ற பொருளில்தான் அழைத்தார்கள். மேசை, பெட்டிகளில் பல நிற மரங்களைப் பதித்து அலங்காரம் செய்பவர்கள் வைத்திருந்த நூல்போன்ற மெல்லிய கைவாள்தான் அந்த வேலைக்கு உதவியது. 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில், தையல் மெஷினைப் போலக் காலால் மிதித்து ஓட்டும் வாள்கள் பரவின. இரண்டு கையும் பலகையைத் திருப்ப ஓய்வாகக் கிடைத்ததால் வளைவுகளை அறுப்பது சுலபமானது. பிறகு மின்சாரம் வந்தது. வாளின் பெயரே புதிருக்கும் பெயரானது.

1909இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மரப் புதிர்களை மும்முரமாகத் தயாரித்தது. அவற்றின் துண்டுகள் சில பறவை, விலங்கு போன்ற உருவங்களிலேயே அறுக்கப்பட்டிருந்தன. ஆனால் 1932-33இல் அட்டையை அச்சால் ஒரே அழுத்தில் வெட்டும் முறை பெருகி, 1933 தொடக்கத்தில் வாரத்துக்கு ஒரு கோடி புதிர் என்ற அளவுக்கு விற்பனை போனது. ஒவ்வொன்றாக அறுக்கும் மரப் புதிர் விலையில் அதனோடு போட்டி போட முடியவில்லை.

பதினாறு விலங்குகள்

மரத்துக்கு மறுபடியும் மதிப்புத் தேடித்தந்தவர்களில் ஒருவர் இத்தாலியின் என்ஸோ மாரி (1932-2020). 1957இல் மிலானின் டனேசே நிறுவனத்துக்காக அவர் உருவாக்கியது '16 விலங்குகள்'. யானை, நீர்யானை, ஒட்டகம், ஒட்டகச்சிவிங்கி, பாம்பு முதலிய பதினாறும் ஒரே ஓக் பலகையிலிருந்து வந்தவை. ஒன்றின் முதுகு இன்னொன்றின் வயிறு. எல்லாவற்றையும் சேர்த்தால் ஒரு செவ்வகம். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும்.

இங்கேதான் குமரி மாவட்டத்து ஆசாரிமாரின் வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. பத்மநாபபுரம் அரண்மனை முகப்பு மண்டபத்தின் மரக் கூரையில் 90 பூக்கள் இருக்கின்றன. உளி வேண்டாத மரத்தை எடுத்துவிட, மிச்சம் நிற்பது பூ. புதிரில் கழிவே இருக்கக் கூடாது. வாளின் பல் தின்னும் மெல்லிய கோடு மட்டும்தான் நஷ்டம். அந்தக் கோடு எவ்வளவு மெல்லியதோ, துண்டுகள் அவ்வளவு இறுக்கமாகச் சேரும்.

அறுப்பதிலுள்ள சூட்சுமம்

இன்றைய 'ஸ்க்ரோல் சா'வில் மெல்லிய வாள் இரண்டு கைகளுக்கு நடுவே செங்குத்தாக நின்று மேலும் கீழும் ஓடும். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். அப்போதுதான் அது பலகையை மேசையோடு அழுத்தும். மேசைக்கும் வாளுக்கும் இடையே சரியான செங்கோணம் இல்லாவிட்டால் துண்டுகள் ஒரு பக்கமாக மட்டுமே கழலும், மறுபக்கம் சிக்கிக்கொள்ளும். படத்தை ஒட்டி, முதலில் வெளி உருவத்தை அறுத்து, பிறகு உள்துண்டுகளைப் பிரிக்கலாம். கண் போன்ற துளைகளுக்கு முதலில் துளைபோட்டு அதன்வழியே வாளை நுழைக்க வேண்டும்.

மரத்தின் இழை ஓட்டம்தான் முக்கியம். நிற்கும் யானைக்குக் காலும் துதிக்கையும் மேலிருந்து கீழே போகின்றன. இழையும் அப்படியே போக வேண்டும். குறுக்கே போனால் கால் முதல் நாளே ஒடியும். முதலைக்கோ நீளவாக்கில் இழை வேண்டும். துண்டுகள் பூட்டிக்கொள்ள, முடிச்சின் கழுத்து அதன் தலையைவிடக் குறுகலாக இருக்க வேண்டும். சின்னக் குழந்தை விழுங்கும் அளவில் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது.

அந்த மரம் எது?

ரப்பர் இந்த மண்ணின் மரமல்ல. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. 1902இல் கேரளத்தின் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் தொடங்கியது. திருவிதாங்கூரின் பகுதியாக இருந்து, 1956இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரிதான் இன்று தமிழ்நாட்டின் முக்கிய ரப்பர் மாவட்டம்.

இருபத்தைந்து, முப்பது வருடம் பால் தந்த பிறகு மரத்தை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். வெட்டிய தடியைப் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடித்துவிடும் என்பதால் நீண்ட காலம் அது விறகுக்குத்தான் லாயக்கு என்று நினைத்தார்கள். உடனே அறுத்து, போரான் சேர்ந்த மருந்தில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தினால் வெளிர் நிறத்தில் நல்ல பலகை கிடைக்கும் என்பது பிறகு தெரியவந்தது. தாய்லாந்தில் 1981இல் தொடங்கிய பிளான்டாய்ஸ் நிறுவனம் இந்த மரத்தை வைத்தே உலகெங்கும் பெயர் வாங்கியது.

இங்கே மர விளையாட்டுச் சாமான் மரபு இல்லாமலில்லை. மலைக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் மரச்செப்புகள் உண்டு. கர்நாடகத்தில் சென்னபட்டணம் உண்டு. இரண்டுமே கடைசலில் உருட்டி எடுக்கும் வேலை. தட்டையாக அறுக்கும் புதிருக்கு அப்படி ஒரு பெயர்பெற்ற ஊர் இல்லை.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் விளையாட்டுப் பொருட்களுக்குத் தரமுத்திரை கட்டாயமானது. பரிசோதனைச் செலவு சின்னப் பட்டறைக்குத் தாங்காது. ஆனால் மத்திய அரசின் கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொருட்களுக்கு விலக்கு உண்டு. அதாவது, ஓர் அடையாள அட்டை, ஒரு சின்ன வாள், பக்குவப்படுத்திய பலகை - இந்த மூன்றும் இருந்தால் குலசேகரம் சாலையோரப் பட்டறையிலும் யானை செய்யலாம். மூன்றில் மூன்றாவது, லாரியில் ஏறி ஊரைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும் அதே தடியிலிருந்துதான் வரவேண்டும்.