ஃபியூச்சரிச ஓவியத்தில் இயக்கம்

அசையாத பரப்பில் அசைவைக் காட்டுவது ஓவியர்களின் பழைய சிக்கல். ஃபிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821இல் வரைந்த எப்சம் பந்தயக் குதிரைகள், முன்னங்கால்களை முன்னும் பின்னங்கால்களைப் பின்னும் நீட்டி, தரை தொடாமல் பறக்கின்றன. எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்பதை, 1878இல் கலிஃபோர்னியாவில் கேமராக்களை வரிசையாக நிறுத்தி மைபிரிட்ஜ் எடுத்த படங்கள் காட்டிக்கொடுத்தன. 1880களில் ஃபிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் மாரே ஓர் அசைவின் பல கட்டங்களை ஒரே தகட்டில் பதித்தார். இத்தாலியின் ஃபியூச்சரிச ஓவியர்கள் அந்தத் தகடுகளுக்குப் பெரிதும் கடன்பட்டவர்கள்.

வேகத்தையும் போரையும் போற்றிய, கவிஞர் மாரினெட்டியின் ஃபியூச்சரிச அறிக்கை 1909 பிப்ரவரி 20 அன்று பாரிசின் ‘லெ ஃபிகாரோ’ நாளிதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு போச்சியோனி, பால்லா, கார்ரா, ருஸ்ஸோலோ, செவெரினி ஆகிய ஐவரும் ஓவியத்துக்கென்று தனி அறிக்கை விட்டனர். ஓடும் குதிரைக்குக் கால்கள் நான்கல்ல, இருபது என்று அதில் வாதிட்டனர்.

அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டவர் பால்லா. அவருடைய ‘கயிற்றில் கட்டிய நாயின் இயக்கம்’ (1912) படத்தில் குட்டைக்கால் நாய்க்கும் அதை நடத்திச் செல்லும் பெண்ணுக்கும் கால்கள் எண்ண முடியாதபடி பெருகுகின்றன. கழுத்துச் சங்கிலி பல வளைவுகளாக ஆடுகிறது. புரட்சி முழக்கங்களுக்கு நடுவே இப்படியொரு குறும்பு.

போச்சியோனிக்குக் கேமராவின் வழி பிடிக்கவில்லை. ‘எழும் நகரம்’ (1910–11) படத்தில் அவர் கால்களை எண்ணவில்லை. பெரிய சிவப்புக் குதிரை திமிறுகிறது, அடக்க முயலும் கூலியாட்கள் சாய்கிறார்கள், பின்னால் மிலானின் கட்டடச் சாரங்கள். நீள நீளமான வண்ணக்கீற்றுகள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் இழுக்கின்றன. பால்லாவின் நாயில் அசைவு தெரிகிறது; இங்கே விசையே தெரிகிறது. இக்குழுவின் ஆகச் சிறந்த ஓவியம் இதுவே எனலாம்.

குழுவில் சேராத மார்செல் டுஷாம்ப், படியிறங்கும் நிர்வாண உருவத்தை 1912இல் மரப்பலகைகள் சரிவதுபோல வரைந்தார். கியூபிச நண்பர்களே முகம்சுளித்ததால் பாரிஸ் கண்காட்சியிலிருந்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மறு ஆண்டு நியூயார்க்கின் ஆர்மரி கண்காட்சியில் அது பத்திரிகைக் கேலிக்கு ஆளானது, கூடவே அவரைப் புகழடையவும் செய்தது.

போரைக் கொண்டாடிய இந்த ஓவியர் குழுவை முதல் உலகப் போரே கலைத்தது. 1916இல் படைப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து போச்சியோனி இறந்தார். கார்ரா அசைவற்ற, மௌனமான உருவங்களுக்குத் திரும்பினார். பால்லா மட்டும் நெடுநாள் தாக்குப்பிடித்தார். 1930களில் அவரும் விலகி, மரபான உருவ ஓவியத்துக்கே போய்விட்டார்.